புதுக்குதலும் அபயதானமும்

பழனியை அடுத்த ஐவர்மலையில் கி.பி. 870-இல் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கினார். வழிபாட்டு அமுதுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்கும் 505 காணம் பொன்னும் வைத்தார். கல்லோடு அன்றாடச் சோற்றையும் கருதியதே அப்பெரியாரின் புதுக்குதல்.

அத்தகைய புதுக்குதலை ஒரு நகரமே வேண்டி நின்ற காலம் உண்டு. 2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் பகுதியை 7.7 அளவு நிலநடுக்கம் குலைத்தது. அஞ்சார் நகரின் ஒடுங்கிய தெருவில் குடியரசு நாள் ஊர்வலம் சென்ற பள்ளிப் பிள்ளைகள்மேல் இருபுறத்து வீடுகளும் சரிந்தன. புஜ் நகரில் மருத்துவமனையே இடிந்தமையால் ஜூபிலி மைதானத்து வெட்டவெளியில் சிகிச்சை நடந்தது.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு. சோறும் மருந்தும் லாரிகளில் வந்து சேர்ந்தன. அபயம் அவ்வாறு வருவதன்று. வீடு நிலைத்தோரும் பின்னதிர்வுக்கு அஞ்சித் தை மாதக் குளிரில் வெளியிலேயே துயின்றனர். கூரையே பகையானபின் அடுப்பு ஏது, கடை ஏது, பள்ளி ஏது?

ஆதலின் அங்கே தெருவை அகலமாக்குவதே அபயதானமாயிற்று. புஜ் கோட்டைக்குள் சிறுமனையினர் குறைவாகவும் பெருமனையினர் மிகுதியாகவும் தத்தம் நிலத்தில் ஒரு பகுதியை விட்டனர். சட்டத்தால் நேர்ந்ததே, எனினும் மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் தெருவாக விரிந்த காட்சி அது. மனையில்லா வாடகைக் குடியினர்க்கோ அந்த அபயம் பிந்தியே கிட்டியது. தற்காலிகக் கொட்டகைகளிலேயே அவருட் பலர்க்கு ஆண்டுகள் கழிந்தன.