கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

குற்றாலத்துச் சித்திரசபையில் நடராசர் சுவரில் எழுதிய ஓவியமாக இருக்கிறார். சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு, குற்றாலம் என்று சொல்லப்படும் ஐந்து சபைகளில் ஓவியத்துக்கே ஆராதனை நடப்பது இங்கேதான். அதே குற்றாலத்தில்தான் ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தைக் கழித்து 1954-இல் மறைந்தார். நாலு வரிப் பாட்டை எடுத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவருக்கு அதன் உயிர் பிடிபடும்வரை சுவைத்துக் காட்டியவர் அவர். நினைவைப் போற்ற நிறுவிய ஓர் அறக்கட்டளையின் மேடையில் புகைப்படங்களைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. நிறையப் படங்கள் வேண்டாம். புகழின் உச்சியில் நின்ற சதுரங்க வீரர்களின் சில படங்களை மட்டும், டி.கே.சி. பாட்டைப் பார்த்ததுபோல நின்று நிதானித்துப் பார்க்கலாம்.

உலகப் பட்டத்துக்கான ஆட்டத்தில் புகைப்படக்காரர்களுக்குக் கிடைப்பது முதல் சில நிமிடங்கள்தான். வீரர்கள் கைகுலுக்குவார்கள், வெள்ளைக் காய் ஆடுபவர் முதல் நகர்த்தலைச் செய்வார், கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் முட்டி மோதிக்கொண்டு எடுக்க வேண்டியதை எடுத்துவிட வேண்டும். நடுவர் சைகை காட்டியதும் எல்லோரும் வெளியேறுவார்கள். ஷட்டர் சத்தம்கூட யோசனையைக் கலைக்கும் என்பதால் வந்த ஏற்பாடு. ஆகவே, பட்டப் போட்டிகளில் விஸ்வநாதன் ஆனந்த் கன்னத்தில் கைவைத்துப் பலகையை உற்றுப் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்பே எடுத்தவை. நாலாவது மணி நேரத்தில், கடிகாரம் நெருக்கும்போது அந்த முகம் எப்படி இருந்தது என்பது நிழற்படத்தில் சிக்குவது அரிது. கிரிக்கெட்டில் பந்து மட்டையில் படும் கணத்தையே பிடித்துவிடலாம். சதுரங்கத்தில் அடி விழுவது மூளைக்குள். அதன் பதிவு ஆட்டத்தாளில்தான் இருக்கிறது.

அப்படியானால் படம் எதைக் காட்டுகிறது? ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் மனிதரைக் காட்டுகிறது. அவரைச் சுற்றி நிற்பவர்களையும் காட்டுகிறது. இந்தச் சொற்பொழிவின் கவலையெல்லாம் அந்தச் சுற்றி நிற்பவர்களைப் பற்றியதுதான்.

காமிராவோடு சண்டை போட்ட சாம்பியன் பாபி ஃபிஷர். 1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் போரிஸ் ஸ்பாஸ்கியுடன் ஆடியபோது, அரங்கில் படமெடுக்கும் காமிராக்கள் இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து, இரண்டாவது ஆட்டத்துக்கு வராமலே இருந்துவிட்டார். ஒரு புள்ளி கையை விட்டுப் போயிற்று. மூன்றாவது ஆட்டத்தை மேடையிலிருந்து தள்ளி, பார்வையாளர் இல்லாத ஓர் அறையில் நடத்த வேண்டியதாயிற்று. அதில் ஃபிஷர் வென்றார். ஸ்பாஸ்கிக்கு எதிராக அவருக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் வெற்றி அது.

இப்படிப்பட்டவர் ஹாரி பென்சன் என்ற புகைப்படக்காரரை அருகில் விட்டார். ஸ்காட்லாந்தில் பிறந்து, லைஃப் இதழுக்காக அங்கே வந்தவர். பீட்டில்ஸ் இசைக்குழுவினர் தலையணைச் சண்டை போடும் படத்தை 1964-இல் எடுத்துப் பேர் வாங்கியவர். ஐஸ்லாந்தில் அவர் எடுத்தவற்றுள் மனத்தை விட்டு அகலாத படத்தில் சதுரங்கப் பலகையே கிடையாது. வெட்டவெளியில் ஃபிஷர் இருக்கிறார். ஒரு குதிரை அவர் முகத்தருகே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் மோதும் களமாக உலகம் அந்தப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த கோடை அது. அத்தனை புகழுக்கும் நடுவே அவர் எவ்வளவு தனியாக இருந்தார் என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஒரு படம் போதும்.

நம் பக்கத்துப் படங்கள் வேறு மாதிரி. அவற்றைப் பார்க்குமுன், படங்களில் அதிகம் தென்படாத ஒருவரைச் சொல்லியாக வேண்டும். மானுவல் ஆரோன் 1935-இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். சதுரங்கத்துக்காக முதன்முதலில் அர்ஜுனா விருது பெற்றவரும் அவரே. தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றார். 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மண்டலங்களுக்கிடையிலான போட்டியில் ஃபிஷர் முதலிடம் பிடித்தபோது, அதே மண்டபத்தில் ஆரோனும் ஆடினார். பட்டியலில் கடைசியில்தான் வந்தார். ஆனாலும் ஹங்கேரியின் லாயோஷ் போர்டிஷையும், கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃப்காங் உல்மானையும் தோற்கடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். அந்தக் காலத்து உச்சத்தில் அவருக்குத் துணையாகப் பயிற்சியாளர் படையோ கணினியோ இல்லை.

சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்துக்குள் டால் சதுரங்கக் கழகம் உருவாகக் காரணமாக இருந்தவர் ஆரோன். அங்கே சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் மின்னல் வேக ஆட்டங்கள் ஆடிப் பழகினான். வென்றவர் நாற்காலியில் நீடிப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வேகம் அங்கே வந்தது. ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் அம்மா சுசீலா. அப்பாவின் ரயில்வே வேலை நிமித்தம் குடும்பம் மணிலாவில் இருந்த நாட்களில், உள்ளூர்த் தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களை, பையன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் அம்மா எழுதி வைப்பார். மாலையில் இருவரும் விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசுப் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே கூப்பிட்டு, வேண்டிய புத்தகங்களை மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள், இனிப் போட்டிக்கு எழுதாதீர்கள் என்றார்களாம். சமையலறைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் காகிதத்தோடு நின்ற அந்த அம்மாவை அப்போது எந்தக் காமிரா தேடி வரப்போகிறது!

காமிராக்கள் பிறகு வந்தன. 1988-இல் கோவையில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் போட்டியோடு ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 1995-இல், 25 வயதில், நியூயார்க்கில் கேரி காஸ்பரோவுக்கு எதிரே உட்கார்ந்தார். உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் 107-ஆவது தளம். சத்தம் புகாத கண்ணாடி அறை. முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். பத்தாவதில் காஸ்பரோவ் திருப்பி அடித்தார். முடிவில் 10½–7½ என்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அந்தப் போட்டி தொடங்கிய நாள் 1995 செப்டம்பர் 11. சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், அந்தக் கோபுரம் இடிந்து விழுந்தது. இன்று அந்தப் படங்களைப் பார்ப்பவர் கண் முதலில் பலகைக்குப் போவதில்லை, ஜன்னலுக்குப் போகிறது. எடுத்தவர் நினைக்காத பொருளைக் காலம் படத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டாம்.

2000-இல் டெஹ்ரானில் அலெக்சி ஷிரோவை வென்று முதல் உலகப் பட்டம், 2007-இல் மெக்சிகோ, 2008-இல் பான் நகரில் கிராம்னிக், 2010-இல் சோபியாவில் டோபலோவ், 2012-இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்ட் என்று ஆனந்தின் படங்கள் குவிந்தன. பிறகு 2013 நவம்பர், சென்னை. ஹயாத் ரீஜென்சி ஓட்டல். எதிரில் 22 வயது மாக்னஸ் கார்ல்சன். பத்தே ஆட்டங்களில் 6½–3½ என்று முடிந்தது. பட்டம் வென்றவரை அவருடைய குழுவினர் ஓட்டலின் நீச்சல் குளத்தில் தூக்கிப் போட்ட படம் ஊரெல்லாம் சுற்றியது. ஆனால் சேர்த்து வைக்க வேண்டிய படம், சொந்த ஊர்க்காரர்கள் கண் முன்னே பட்டத்தை இழந்தவர் கை கொடுத்துவிட்டு எழுந்து நிற்கும் படம். புகழின் உச்சியில் இருப்பவர் கீழே இறங்கும் நாளில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே கேண்டிடேட்ஸ் போட்டியை வென்று மறுபடியும் கார்ல்சனுக்கு எதிரே போய் உட்கார்ந்தார் என்பதையும் பார்த்தார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவன் குகேஷ். அந்த ஆண்டுதான் ஏழு வயதில் சதுரங்கம் பழகத் தொடங்கியிருந்தான். ஆட்ட மேடையை மூடியிருந்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்வையாளர் வரிசையில் இருந்துகொண்டு, ஒருநாள் அந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டதைப் பிற்பாடு அவரே சொன்னார். அன்றைக்கு அரங்கில் இருந்த புகைப்படக்காரர்கள் யாவரும் கண்ணாடிக்குள்தான் குறி வைத்திருப்பார்கள். அது அவர்கள் தொழில். வரலாறு அவர்கள் முதுகுக்குப் பின்னாலும் உட்கார்ந்திருந்தது.

முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்த ஒருவரையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் அஜர்பைஜானின் பாக்கூ நகரில் உலகக் கோப்பை. காலிறுதியில் பிரக்ஞானந்தா சக இந்தியர் அர்ஜுன் எரிகைசியை வென்று வெளியே வருகிறார். நிருபர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். மரியா எமிலியனோவா என்ற சதுரங்கப் புகைப்படக்காரர் எடுத்த படத்தில், பேட்டி கொடுக்கும் பையனுக்குச் சற்றுத் தள்ளி, புடவை கட்டிய அம்மா நாகலட்சுமி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் படம் ஒரே நாளில் உலகத்தைச் சுற்றி வந்தது. பிரக்ஞானந்தா இறுதி ஆட்டத்தில் கார்ல்சனிடம் தோற்றார். ஆனால் அந்தக் கோப்பையைப் பற்றி இன்றைக்கும் பேசுகிற தமிழ்க் குடும்பங்களுக்கு நினைவில் இருப்பது அந்த அம்மாவின் முகம். மகன் பிரக்ஞானந்தாவும் மகள் வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர்கள். உலகத்திலேயே முதல் அண்ணன்–தங்கை அல்லது அக்காள்–தம்பி கிராண்ட்மாஸ்டர் இணை அவர்கள்தான். இருவரோடும் நாடு நாடாகப் போய், அடுப்பும் பாத்திரமும் கையோடு கொண்டுபோய், சோறும் ரசமும் வைத்துக் கொடுத்தவர் அவர். அதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய செய்திகளைவிட, ஓரத்தில் நின்ற அந்த உருவம் கூடுதலாகச் சொல்லிற்று.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டம், 55-ஆவது நகர்த்தல். எதிராளி டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டார். குகேஷுக்கு அது புரிந்த கணம் நேரலையில் பதிவாகியிருக்கிறது. சட்டென்று நிமிர்கிறார், உடம்பு நிலைகொள்ளாமல் தவிக்கிறது. சில நகர்த்தல்களில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7½–6½. மிக இளைய உலகச் சாம்பியன் என்று 22 வயதில் காஸ்பரோவ் படைத்த சாதனை, 18 வயதுப் பையனால் முறிந்தது. குகேஷ் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, அழுதுகொண்டே, கலைந்து கிடந்த காய்களை எடுத்து ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் அடுக்கி வைத்தார். ஆட்டம் முடிந்தால் காய்களை அடுக்கிவிட்டு எழ வேண்டும் என்பது சின்ன வயதில் பழகும் ஒழுக்கம். உலகத்தின் உச்சியிலும் கை அதை மறக்கவில்லை. வெளியே அப்பா ரஜினிகாந்த் காத்திருந்தார். காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலை ஒதுக்கி வைத்தவர். வீட்டுச் செலவைத் தாங்கியது நுண்ணுயிரியல் துறையில் வேலை பார்த்த அம்மா பத்மாகுமாரியின் சம்பளம். அப்பாவும் மகனும் கட்டிப் பிடித்துக்கொண்ட படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம்.

குற்றாலத்தைச் சுற்றியுள்ள நம் தென்காசி வட்டாரத்திலும் பள்ளிப் பிள்ளைகள் சதுரங்கம் ஆடுகிறார்கள். கோப்பையோடு பிள்ளைகள், நடுவில் தலைமையாசிரியர், பின்னால் துணிப் பதாகை என்று எடுத்த குழுப்படங்கள் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கிடக்கின்றன. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முந்தைய படங்களின் பதாகையில் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கும். தென்காசிப் பிள்ளைகளை நாளை யாராவது தேடினால் நெல்லைப் படங்களுக்குள்தான் தேட வேண்டியிருக்கும். படத்தின் பின்பக்கம் ஊர்ப் பெயர் இல்லையென்றால் தேடிக் கிடைக்காது.

இந்த மண்ணுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆனி, ஆடிச் சாரல் நமக்குச் சுகம், புகைப்படத்துக்குப் பகை. அச்சிட்ட பழைய படத்தின் மேலே இருப்பது ஜெலட்டின் பூச்சு. ஈரக் காற்றில் அது உப்பும், பூஞ்சை பிடிக்கும், ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் முகத்தோடு வந்துவிடும். ஒட்டும் ஆல்பங்களிலிருந்து எடுக்க முடிந்த படங்களை எடுத்து, காகித உறையில் போட்டு, சுவரோரம் இல்லாத அலமாரியில் வைக்கலாம். ஸ்கேன் எடுத்து வைப்பது இன்னும் நல்லது. கைபேசிப் படங்களும் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருங்குகிறது. எடுத்த நாள் பற்றிய விவரமும் உதிர்ந்துவிடுகிறது. கோப்பாக அனுப்பினால் இரண்டும் தங்கும்.

அடுத்த போட்டியின் பரிசளிப்பில், குழுப்படம் எடுக்கும்போது, மண்டபத்தின் கடைசி வரிசையில் சோற்று டப்பாவோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களையும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த அப்பாக்களையும், பலகை அடுக்கிய அண்ணன்மார்களையும் மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும். படத்தின் பின்பக்கம் பென்சிலால், இடமிருந்து வலமாக எல்லோர் பெயரையும், ஊரையும், தேதியையும், படமெடுத்தவர் பெயரையும் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்.