வாடகை வீடும் வீட்டுடையார் கடமையும்



வடசேரி, கோட்டாறு முதலிய இடங்களில் ஓரிரு வீடுகளை வாடகைக்கு விட்டு, அவ்வருவாயினாலேயே சீவனம் நடத்துவோர் நம்மவருள் உளர். அவருள் கைம்பெண்டிரும் உளர். அவர்பொருட்டுச் சில கூறுவேன்.

முதலாவது, குடிவர விரும்புவோரிடம் தொழில் யாது, முன்னை வீட்டை விட்டது எதனால் என்று வினவுங்கள். முன்னை வீட்டுடையாரையும் உசாவுங்கள். குலம் யாதென வினவுதல் வேண்டா. குலம் வாடகை கொடாது, ஒழுக்கமே கொடுக்கும். நமது சங்க மேடையிலேயே இதனைச் சொல்லுதல் என் கடனாகும்.

இரண்டாவது, வாய்ச்சொல் போதாது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவாதல் வேண்டும் என்கின்றது. வேறு உடன்பாடு இல்லாவிடத்து, முன்பணம் 3 மாத வாடகைக்கு மேற்படலாகாது. வெள்ளையடித்தலும் குழாய் மாற்றுதலும் வீட்டுடையார் பொறுப்பு, வடிகால் துப்புரவு குடியிருப்போர் பொறுப்பு.

மூன்றாவது, செப்பனிடுதல். நாஞ்சில் நாட்டிற்குத் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் உண்டு. ஆதலின், தரைக்குப் பளிங்கு பதிக்க எண்ணுமுன் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். சித்திரை கழியுமுன் அவ்வேலை முடிதல் நன்று. ஒழுகும் வீட்டில் நல்ல குடி நில்லாது.