மிதவை உடையும் ஒரு முழக் கை தூரமும்

பள்ளிக்கு லீவு விட்டால் போதும், கிணற்றுமேட்டில் பிள்ளைகள் சத்தம் கேட்கும். முதுகில் காலி எண்ணெய் கேன், அந்தக் காலமென்றால் காய்ந்த சுரைக்குடுக்கை. இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை மாமா கையிலோ சித்தப்பா கையிலோ இருக்கும். "குதிடா, நான் இருக்கேன்" என்பார்கள். இன்று நகரத்து நீச்சல் குளங்களில் கேனுக்குப் பதில் மிதவை உடை வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்தக் கயிறு பிடித்த ஆள் கடையில் கிடைப்பதில்லை.

கைகளில் மாட்டி ஊதுகிற பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஹாம்பர்க் நகரத்து பெர்ன்ஹார்ட் மார்க்விட்ஸ் 1964-இல் கொண்டுவந்தது. அவற்றை மாட்டினால் பிள்ளை தண்ணீரில் நின்றபடி சைக்கிள் மிதிக்கும். நீந்தவோ குப்புறப் படுக்க வேண்டும். மிதவை உடையில் ஃபோம் துண்டுகள் மார்பையும் முதுகையும் சுற்றி இருப்பதால் கைகளை நன்றாக வீசலாம், உடம்பையும் நீட்டிப் படுக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், சில உடைகளில் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம் என்பது. பிள்ளை தானாகக் காலை உதைத்து நகரத் தொடங்கியதும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் உடம்பு சாயும். அன்றைக்குக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும், சிணுங்கும். பழகிய பிறகு அடுத்த ஜோடி. எல்லாத் துண்டுகளையும் வைத்தபடியே மாதக்கணக்கில் மிதக்கவிட்டால், பிள்ளை நீச்சலைக் கற்பதில்லை; தண்ணீர் தன்னைத் தாங்கும் என்று நம்பப் பழகுகிறது. உடையைக் கழற்றிய பிறகு அதே நம்பிக்கையோடு ஓடிப்போய்க் குதிக்கும். ஆகவே குளத்துக்குப் போகிற ஒவ்வொரு முறையும் சிறிது நேரமாவது உடை இல்லாமல் உங்கள் கையில் ஏந்தி மிதக்கவிடுங்கள்.

அடுத்தது அளவு. தீபாவளிச் சட்டை எடுப்பதுபோல, வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். உடை ஏறிவந்து மோவாயில் இடித்தால் அது வேண்டாம். லேபிளில் எடை போட்டிருக்கும், வயதைவிட அதையே நம்புங்கள். நிறம்? வெளிர்நீலம் அழகுதான், குளத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சு எடுங்கள்.

மிதவை உடை லைஃப் ஜாக்கெட் அல்ல. ஐரோப்பாவில் இரண்டுக்கும் தரவிதியே வேறு வேறு. மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பும்படி செய்யப்பட்ட லைஃப் ஜாக்கெட்டுகள் உண்டு. மிதவை உடையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. 2021-இல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் ஏறக்குறைய கால் பங்கு ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள். சின்னப் பிள்ளை மூழ்கும்போது பெரும்பாலும் கூச்சல் போடாது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். கரையில் நாற்காலி போட்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. நீங்களும் தண்ணீரில் இறங்குங்கள், கை நீட்டினால் பிள்ளையைத் தொடும் தூரத்தில் நில்லுங்கள். துவட்டும் துண்டை எடுக்கப் போனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போங்கள்.

கடைசித் துண்டை எடுத்த பிறகும் சில நாள் அதே உடையைப் போட்டுவிடலாம். பழகிய உடை என்பதால் பிள்ளை பயப்படாது. அப்போதும் நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.