மணமாலை கட்டும் கைகள்

(பழைய மாணவர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

வைத்தியர் ஒருவரை அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று செயலாளர் எதிர்பார்த்திருப்பார். மன்னிக்க வேண்டும். இன்று பூவைப் பற்றிப் பேச நினைத்திருக்கிறேன். இந்த மேடையின் இரு பக்கமும் நிற்கும் பூக்களைப் பாருங்கள். நேற்று இரவு ஒரு மணி வரை நின்று அவற்றை வைத்தவள் எங்கள் பாடசாலைப் பிள்ளை, என் வகுப்புத் தோழி. இப்போது அவள் மண்டபத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்வதற்குத்தான் இந்த உரை. "பெயரைச் சொல்லாதை, வேலையைச் சொல்லு" என்று அனுமதி தந்திருக்கிறாள்.

1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, ஓடு கழன்ற வகுப்பறைகளில் நாங்கள் படித்த காலம் உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். அந்த வருட வாணி விழாவுக்குப் பூ வாங்க எவரிடமும் காசில்லை. அவள் வளவிலே நின்ற பட்டிப்பூவையும் நந்தியாவட்டையையும் பறித்து, வாழைநாரை நனைத்துக் கிழித்து, சரஸ்வதி படத்துக்கு இரண்டு முழ மாலை கட்டினாள். நாங்கள் கைதட்டினோம். பிறகு உயர்தரப் பெறுபேறு வந்தது. நான் மருத்துவ பீடத்துக்குப் போனேன். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அதன் பின் பத்து வருடம் அவளைப் பற்றி நான் விசாரிக்கவே இல்லை.

அவள் மணமுடித்து வன்னிக்குப் போனாள். 2009இல் கணவரை இழந்து, ஒரு பிள்ளையோடு முகாமிலிருந்து வெளியே வந்தாள். கொழும்பில் ஒரு பூக்கடையில் மூன்று வருடம் வாளி கழுவி, தண்டு வெட்டி, தொழிலைப் பழகினாள். ஊருக்குத் திரும்பி ஒரு கொட்டிலில் தொடங்கினாள். இப்போது மணவறை, மாலை, பூச்சடை எல்லாம் செய்கிறாள். சனிக்கிழமைகளில் வகுப்பும் நடத்துகிறாள்.

அந்த வகுப்புக்கு ஒருமுறை வேடிக்கை பார்க்கப் போனேன். முதல் நாள் வகுப்பில் ஒரு பூவும் இல்லை. பன்னிரண்டு பெண்கள் பன்னிரண்டு வாளிகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வாளியின் அடியில் வழுவழுப்பு இருந்தால் அதில் கிருமி இருக்கிறது. அது தண்டின் குழாய்களை அடைக்கும். தண்ணீரில் நின்றபடியே பூ தாகத்தால் சாகும். தண்ணீருக்குள் அமிழும் இலைகளை உருவிவிட வேண்டும், அவை அழுகும். தண்டைச் சரிவாக, கூரான கத்தியால், தண்ணீருக்குள் வைத்து வெட்ட வேண்டும். வெளியே வெட்டினால் காற்றுக் குமிழி குழாய்க்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். இரத்தக் குழாயில் காற்று ஏறுவதை எம்பொலிசம் என்று எங்களுக்கு ஒரு முழு விரிவுரையில் சொல்லித் தந்தார்கள். அவள் ஒரு கத்தியையும் ஒரு வாளியையும் வைத்து இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தாள்.

இன்னொரு பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. கல்யாண வீட்டில் பூவைப் பழத் தட்டுகளோடு ஒரே அறையில் வைக்கக்கூடாது. பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. கார்னேசனும் ஒர்கிட்டும் அதற்குத் தாங்காது, ஓரிரவில் சுருண்டுவிடும். நம்முடைய வீடுகளில் எல்லாவற்றையும் சாமி அறையில் கொண்டுபோய் அடுக்குவோம். அடுத்த நாள் பூக்காரியில் பிழை என்போம்.

ரோசாவும் ஜெர்பராவும் மலைநாட்டிலிருந்து இரவோடிரவாக வருகின்றன. 2022இல் டீசல் இல்லாத மாதங்களில் அவை வரவில்லை. ஏற்றுக்கொண்ட கல்யாணங்களை அவள் கைவிடவில்லை. குருத்தோலை, தென்னம்பாளை, கமுகம்பாளை, வேலியோர நந்தியாவட்டை, நாலைந்து வீடுகளின் மல்லிகை, இவற்றால் மணவறை எழும்பியது. உண்மையைச் சொன்னால், அவள் செய்ததில் மிக வடிவானவை அவைதான். பூக் குத்துவதற்குக் கடைகளில் விற்கும் பச்சைக் கட்டியையும் அவள் பெரும்பாலும் தொடுவதில்லை. 1954இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த அந்தக் கட்டி உக்காத பிளாஸ்டிக். தூள் கண்ணையும் சுவாசத்தையும் உறுத்தும். வாழைக்குற்றி போதும் என்கிறாள். ஈரம் அதிலேயே இருக்கிறது. விழா முடிய மாட்டுக்குப் போடலாம். (மஞ்சள் அலரியை மட்டும் பிள்ளைகள் நடமாடும் மண்டபத்தில் வைக்காதே என்று நான் சொன்னேன். யாழ்ப்பாணத்து வைத்தியருக்கு அந்தப் பூவைக் கண்டால் வரும் நினைவுகள் வேறு.)

கணக்கும் கற்பிக்கிறாள். வாங்கிய பூவின் விலை, வாடிக் கழிந்த பூவின் விலை, லொறிக் கூலி, கடைசியாக, கையின் கூலி. வகுப்பிலிருந்த ஒரு பெண் கையின் கூலி என்ற வரியை வெறுமையாக விட்டிருந்தாள். "இரவு முழுக்க முழிச்சிருந்தது ஆர், உன்ர பேயே?" என்று கேட்டாள் எங்கள் ரீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்காமல், யோசித்து, ஒரு தொகையை எழுதினாள்.

இந்த இடத்தில் ஓர் ஆங்கிலப் பெண்ணை நினைவுகூர விரும்புகிறேன். கொன்ஸ்டன்ஸ் ஸ்பிறை 1886இல் பிறந்தவர். பூவுக்கு வருமுன் அயர்லாந்தில் முதலுதவி பற்றியும் வீட்டில் நோயாளரைப் பராமரிப்பது பற்றியும் விரிவுரை செய்தவர். 1921இல் கிழக்கு லண்டனில், வேலைக்குப் போகும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு பாடசாலையில் தலைமையாசிரியையானார். அந்தப் பிள்ளைகளுக்குச் சமையலும் தையலும், பிறகு பூ வைப்பதும் கற்பித்தார். 1929இல் பூக்கடை, 1930களில் பூ அலங்காரப் பள்ளி. காய்கறி இலைகளையும் வேலியோரக் கொடிகளையும் பணக்கார வீடுகளின் மேசைக்குக் கொண்டுவந்தவர் அவர். 1937இல் வின்ட்சர் கோமகனின் திருமணத்துக்கும், 1953இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவுக்கும் பூ வைத்தவர். ஆனால் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஸ்பிறை என்பவரை அவர் சட்டப்படி மணந்ததே இல்லை. அந்தக் காலத்தில் அதை வெளியே சொல்லாமல்தான் வாழ்ந்தார். சொல்லியிருந்தால் எத்தனை மணப்பெண்களின் தாய்மார் அவரிடம் பூவுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன், என் வீட்டுக்கும்.

என் தம்பியின் திருமணத்துக்கு மணவறை அவளிடம்தான் சொன்னோம். ஒரு நாள் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "மணவறையை அவ செய்யட்டும். மாலையை மட்டும் அவவின்ர கையால கட்ட வேண்டாம் பிள்ளை. சகுனம் எண்டு ஒண்டு இருக்கெல்லே" என்றார். அம்மாவோடு நான் வாதாடவில்லை. இருபது வருடம் வைத்தியம் பார்த்தவள், விடுப்பில் வந்து நின்றவள், சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அவளுக்குத் தொலைபேசி எடுத்து, "மாலைக்கு அம்மா கோயிலடிக் கடையில ஏற்கெனவே சொல்லியிட்டா" என்று பொய் சொன்னேன். "ஓம், சரி" என்றாள். இரண்டே சொல்.

கல்யாணத்தன்று விடிய நாலு மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். மணவறை முடிந்திருந்தது, மல்லிகை வாசம் வாசல் வரை வந்தது. அவள் வாளிகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "முகூர்த்தம் வரை நில்லன், சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்றேன்.

"நான் ஒருநாளும் நிக்கிறேல்லை. ஆக்கள் வரமுன்னம் போயிடுவன்" என்றாள்.

"ஏன், வேற வேலையே?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு உண்மையா விளங்கேல்லையே?"

அப்போதுதான் விளங்கியது. மாலையைப் பற்றியும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கோயிலடியில் வாங்கிய அந்த மாலையை யார் கட்டினார்கள், அவர்களுக்குக் கணவர் இருக்கிறாரா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. காசு கொடுத்து, வாழையிலையில் சுற்றி வாங்கி வந்தோம்.

அவளுடைய வகுப்பில் இருக்கும் பெண்களிற் பாதிக்கு மேற்பட்டவர்கள் கணவரை இழந்தவர்கள். அவர்களுக்கு அவள் ஒளிக்காமல் சொல்வதை நானே கேட்டேன். சில வீட்டார் கேட்பார்கள், அதற்குப் பதில் தயாராக வைத்திருங்கள். விரும்பாத வீட்டின் வேலையை விடுங்கள். பொய்ப் பொட்டு வைத்துக்கொண்டு போக வேண்டாம். வேலையை விட்டால் அந்த வாரம் அரிசிக்கு என்ன வழி என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

எங்கள் சங்கத்திடம் இரண்டு விடயங்களைக் கேட்கிறேன். ஒன்று, பாடசாலையின் மனையியல் கூடம் சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கிறது. அதை அவளுடைய வகுப்புக்குத் தரவேண்டும். தண்ணீர்க் குழாயும் நீண்ட மேசைகளும் அங்கே இருக்கின்றன, கொட்டிலில் இல்லை. உயர்தரம் முடித்துப் பெறுபேறு பார்த்திருக்கும் பிள்ளைகளும் போய்ப் பழகலாம். இரண்டு, இங்கே இருப்பவர்களில் பலருக்குக் கல்யாண வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மணவறைக்கு அவளிடம் சொல்லும்போது மாலைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். அழைப்பிதழையும் கையில் கொடுங்கள். என் அம்மாவைப் போன்ற அம்மாமார் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அவர்களிடம் நான் பேசாத பேச்சை நீங்கள் பேசவேண்டியிருக்கும். அது இலேசில்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

நேற்று இரவு அவளை இன்றைய விழாவுக்கு நிற்கச் சொன்னேன். இது கல்யாண வீடு அல்ல, உன்னுடைய பாடசாலை என்றேன். "நூறாவது வருசம், விளக்கேத்திற இடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வாளிகளையும் வாழைக்குற்றிகளையும் எடுத்துப்போகப் பின்னேரம் ஐந்து மணிக்கு வருவாள். நான் அதுவரை இங்கேதான் நிற்பேன். நிற்கக்கூடியவர்கள் நில்லுங்கள், வாளிகள் கொஞ்சம் பாரம்.