பிள்ளைக்கு ஆபரேஷன் என்று சொன்ன அன்று

(அணுசக்தி நகரில் நடந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அரசியல் பேச வேண்டிய மேடையில் இவன் ஆஸ்பத்திரிக் கதை பேச வந்துவிட்டானே என்று சிலர் எண்ணக்கூடும். தொழிலாளி வீட்டுக் குழந்தைக்கு நோய் வந்தால் யாருக்கு எந்த வாசல் திறக்கிறது, யார் வாசலில் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அதைவிட வேறு அரசியல் என்ன இருக்கிறது?

இங்கே அணுசக்தித் துறையின் நிரந்தர ஊழியர் குடும்பங்கள் வந்திருக்கின்றன. அவர்களுக்குத் துறையின் மருத்துவத் திட்டம் இருக்கிறது; பக்கத்திலேயே பாபா அணு ஆராய்ச்சி மைய மருத்துவமனை இருக்கிறது. மான்குர்த்திலிருந்தும் கோவண்டியிலிருந்தும் சீட்டா கேம்ப்பிலிருந்தும் வந்த கூலிக் குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் முக்கியமாக நான் பேச வந்தேன். நானும் அவர்களில் ஒருவன்.

என் மூத்த மகனுக்கு அப்போது பத்து மாதம். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு வீறிட்டு அழுதான். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுவான், சற்று நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் அயர்ந்து கிடப்பான், மறுபடியும் அழுவான். குடித்த பாலையெல்லாம் வாந்தி எடுத்தான். கிரைப் வாட்டர் கொடுத்தோம். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினோம். பக்கத்துச் சாலில் இருந்த பாட்டியைக் கூட்டிவந்து தொக்கம் எடுத்தோம். விடியும்போது துணியில் இரத்தமும் சளியுமாகப் போயிருந்தது. என் மனைவிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

மாநகராட்சி மருத்துவமனையில் பார்த்துவிட்டு, “குடல் குடலுக்குள் செருகிக்கொண்டது, உடனே ஆபரேஷன்” என்றார்கள்.

சட்டையை அவசரமாகக் கழற்றும்போது கைப்பகுதி உள்ளே மடங்கிக்கொள்கிறதல்லவா, அதைப்போலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்கிறது. இரத்த ஓட்டம் தடைபடுகிறது. பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது இது. சீக்கிரம் கொண்டுபோனால் ஆசனவாய் வழியாகக் காற்றையோ நீரையோ செலுத்திக் கத்தியில்லாமலே சரிசெய்யப் பெரும்பாலும் முடியும். நேரம் கடந்தால் குடல் அழுகும், வெட்டித்தான் எடுக்கவேண்டும். என் மகனுக்கு வெட்டித்தான் எடுத்தார்கள். அந்த ஓர் இரவை வீணாக்கியவன் நான். அந்தக் குற்றத்தை வேறு யார் தலையிலும் நான் போடமாட்டேன்.

ஆகவே தாய்மார்களுக்கு முதல் வேண்டுகோள். விட்டுவிட்டு வரும் அழுகை, பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், கல்லைப்போல் இறுகிய வயிறு, தொடையிடுக்கில் உள்ளே போகாத வீக்கம் – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கைவைத்தியம் வேண்டாம். வயிற்றைப் பிசைய வேண்டாம், பேதி மருந்து கொடுக்க வேண்டாம். குடல்வாலில் சீழ் பிடித்த குழந்தைக்குப் பேதி மருந்து கொடுத்தால் அது வெடிக்கக்கூடும். பாட்டியின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்பு வேறு, மருத்துவம் வேறு.

இரண்டாவது, ஆபரேஷனுக்கு முந்திய அந்தச் சில மணி நேரம். “பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காதே” என்பார்கள். பிள்ளை பசியில் கதறும். நம் பெண்கள் மனம் பொறுக்காமல் முந்தானைக்குள் மறைத்துப் பால் கொடுத்துவிடுகிறார்கள். மயக்க மருந்து ஏறியபின் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம், உயிருக்கே ஆபத்து. திட உணவு என்றால் 6 மணி நேரம், தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் பிள்ளைக்கு எத்தனை மணி என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தவறிக் கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள். திட்டுவார்கள். திட்டட்டும்! திட்டு வாங்கினால் யாரும் சாவதில்லை.

மூன்றாவது, கையெழுத்து. என் முன்னால் ஒரு தாளை நீட்டினார்கள். மராத்தியில் இருந்தது. “பிள்ளை செத்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதி வாங்குகிறார்கள்” என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். என் கை நடுங்கியது. தோழர்களே, அது உயிரை எழுதிக்கொடுக்கும் பத்திரம் அல்ல. என்ன செய்யப்போகிறோம், அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்கும் தாள். அதில் கையெழுத்துப் போட்டதனால் யாருடைய கவனக்குறைவும் மன்னிக்கப்பட்டுவிடாது. ஆகவே கேளுங்கள்: என்ன நோய்? ஏன் இன்றே செய்யவேண்டும்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? எத்தனை நாள் இருக்கவேண்டும்? மராத்தியோ இந்தியோ தெரிந்த நம்மவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையாக இருந்தால் அதனிடமும் பொய் சொல்லாதீர்கள். “ஊசி போடமாட்டார்கள், மிட்டாய் தருவார்கள்” என்று சொல்லி அழைத்துப்போனால் அடுத்த முறை உங்களையே நம்பாது. “வலிக்கும், மருந்து கொடுத்துத் தூங்கவைப்பார்கள், விழிக்கும்போது அம்மா இருப்பேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி அங்கே இருங்கள்.

இன்னொன்று. ஆபரேஷன் அறையின் கதவு மூடியதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “நாங்கள் என்ன பாவம் செய்தோம்?” என்பது. சில வீடுகளில் அது “இவள் செய்த பாவம்” என்று மருமகள் தலையில் இறங்குகிறது. நான் ஒன்று சொல்கிறேன், எண்ணிப் பாருங்கள். இதே நகரத்தில் பரேலில், தொழிலாளர்கள் வாழ்ந்த பி.ஐ.டி. சாலில் குடியிருந்தார் அண்ணல் அம்பேத்கர். அவருக்கும் ரமாபாய் அம்மையாருக்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு இளவயதிலேயே இறந்தன. கடைசிக் குழந்தை ராஜரத்தினம் இறந்தது 1926-இல். மிஞ்சியவர் யஷ்வந்த் ஒருவர்தான். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நோய்க்குப் பாவ புண்ணியம் தெரியாது. குழந்தை பிழைப்பதும் பிழைக்காததும் காற்றையும் தண்ணீரையும் உணவையும் மருத்துவத்தையும் பொறுத்தது.

அதே பரேலில் 1929-இல், ஆலைத் தொழிலாளர் நிறைந்த வட்டாரத்தில், வாடியா குழந்தைகள் மருத்துவமனை எழுந்தது. தாராவியை ஒட்டிய சயானில் 1947-இல், பட்டாளத்துக் கொட்டகைகளில் 50 படுக்கைகளோடு தொடங்கியதுதான் இன்று நாம் சயான் ஆஸ்பத்திரி என்று சொல்லும் லோகமான்ய திலகர் மருத்துவமனை. இவற்றை யாரோ போட்ட பிச்சை என்று நினைத்துக் கூனிக்குறுகி நிற்காதீர்கள். நாம் வாங்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறோம். 2020 சனவரியில், வரவேண்டிய அரசு நிதி வரவில்லை என்று வாடியா மருத்துவமனை நோயாளிகளைச் சேர்ப்பதையே நிறுத்தும் நிலைக்கு வந்தது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டது. அதன் பிறகே நிதி வந்தது. கேட்டதால் வந்தது, தோழர்களே!

இனிப் பணம். ஆபரேஷன் என்றதும் நம் கால் தானாக வட்டிக்காரன் வீட்டுக்குத்தான் நடக்கிறது. தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. அதற்குமுன் தட்டவேண்டிய வாசல்கள் இருக்கின்றன. மாநகராட்சிப் பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். அறக்கட்டளைகளின் உதவிக்கு வழி காட்டுவது அவர் வேலை. மகாராஷ்டிர அரசு 2012-இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம், 2017 முதல் மகாத்மா ஜோதிராவ் ஃபுலே பெயரில் நடக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் ‘ஆரோக்கிய மித்ரா’ என்ற ஊழியர் உட்கார்ந்திருப்பார். தனியார் அறக்கட்டளை மருத்துவமனைகள்கூட, பத்தில் ஒரு பங்குப் படுக்கையை வறியவர்களுக்கு இலவசமாகவும் இன்னொரு பங்கைச் சலுகைக் கட்டணத்திலும் தரவேண்டும் என்று 2006-இல் மும்பை உயர் நீதிமன்றம் திட்டம் வகுத்தது. ஒப்பந்தத் தொழிலாளிகள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ.க்கு உங்களிடம் 0.75 விழுக்காடு பிடித்தால் முதலாளி 3.25 விழுக்காடு கட்டவேண்டும் என்பது 2019-இல் வந்த விதி. பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று இன்றே கேளுங்கள். அதில் உங்கள் பிள்ளைக்கும் மருத்துவம் உண்டு.

ஆனால் இந்த வாசல்கள் காகிதத்தைப் பார்த்துத்தான் திறக்கின்றன. நம் நிலை என்ன? ரேஷன் அட்டை திருநெல்வேலியில், பிறப்புச் சான்று யார் டிரங்குப் பெட்டியிலோ, பிள்ளையின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை! ஊரிலும் இல்லாமல் இங்கும் இல்லாமல் நிற்கிறோம். பிள்ளை துடிக்கும் நேரத்தில் தாசில் ஆபீசுக்கு ஓட முடியாது. நோய் இல்லாத நாளில் செய்யவேண்டிய வேலை இது.

இந்த மண்ணின் கதையும் இதைத்தான் சொல்கிறது. இந்த அணுசக்தி நகரை ஒட்டித்தான் ஜனதா காலனி இருந்தது. நம் தமிழர்கள் ஏராளமாக வாழ்ந்த இடம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், அதை இடித்துவிட்டு மக்களைச் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். அந்த மக்களைத் திரட்டிப் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்த ஜோக்கின் அற்புதம். குப்பை அள்ள வராத மாநகராட்சியின் அலுவலகத்துக்கே பிள்ளைகளைக் கொண்டு குப்பையைச் சுமந்துபோய்க் கொட்டவைத்தவர் அவர். 2018-இல் மறைந்தார். தனியாக அழுதால் யாருக்கும் கேட்காது, கூடிக் கேட்டால் கேட்கும் என்பதை இந்த மண்ணில் காட்டிப்போனவர்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறேன். ஒன்று, வீட்டுக்கு வீடு போய் ரேஷன் அட்டையில் பிள்ளைகளின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது. இரண்டு, இளைஞர்களின் இரத்த வகையை ஒரு நோட்டில் எழுதிவைப்பது. மூன்று, எந்தக் குடும்பத்துக் குழந்தை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், மொழி தெரிந்த ஒருவர் கூடப் போவது. ஒரு வீட்டிலிருந்து சோறு போவது. மற்றப் பிள்ளைகளை இன்னொரு வீடு பார்த்துக்கொள்வது.

அன்று ஆபரேஷன் அறைக்கு வெளியே என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மராத்தி அம்மாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய பேத்தியும் அந்த வார்டில்தான் இருந்தாள். இருவருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கையை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

என் மகன் இன்று என்னைவிட ஒரு சாண் உயரம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளைக் காலையிலிருந்து தூக்கிப் போட்டவன் அவன்தான். இரத்த வகை நோட்டில் முதல் பெயர் அவனுடையது. இரண்டாவது பெயரை எழுத யார் வருகிறீர்கள்?