வெளுத்த டேஷ்போர்டும் நம்ம கைவேலையும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் லோயர் கேம்ப் குழுவின் சார்பில் பேசியது)



ஒவ்வொரு குழுவும் செய்கிற தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஊறுகாய், பினாயில், சோப்புத்தூள் என்று எல்லாரும் பேசி முடித்த பிறகு நாங்கள் வந்து "வண்டி டேஷ்போர்டு" என்றதும் முன்வரிசையில் சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. நாங்க இருக்கிறது குமுளி மலை ஏறுற ரோட்டுக்கு அடிவாரம். வண்டியைத் தவிர வேற எது எங்க வாசலில் அதிகமா நிக்குது?

விடியுமுன்னே ஏலத்தோட்டத்து வேலைக்கு நம்ம பெண்களை ஏத்திக்கிட்டுப் போற வண்டிகளை உங்க எல்லாருக்கும் தெரியும். நம்மில் பாதிப் பேர் அதில் போனவங்கதான். பழைய ஜீப்பில் முன்பக்கம் பெரும்பாலும் இரும்புத் தகடு. பெயிண்ட் அடிச்சா முடிஞ்சது. 1994-இல் டாடா சுமோ, 2000-இல் பொலிரோ என்று வந்த பிறகு டேஷ்போர்டு, கதவின் உள்பக்கம், தூண் கவர் எல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. காலையில் ஆளை இறக்கிவிட்ட வண்டி சாயந்தரம் வரை வெட்டவெளியில் நிக்கும். சில வருஷத்தில் கறுப்பு சாம்பலாகுது, அப்புறம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துப் போகுது.

ஏன் வெளுக்குது? கொடியில் ஒரே மடிப்பில் காயப்போட்ட சேலையை நினைச்சுப் பாருங்க. வெயில் பட்ட மடிப்பு வெளுத்திருக்கும், உள்மடிப்பு புதுசா இருக்கும். இங்கேயும் அதே கதைதான். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் கண்ணாடி வழியா ஓரளவு உள்ளே வந்து, சூட்டோடு சேர்ந்து பிளாஸ்டிக்கின் மேல்தோலை அரிச்சிடுது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுது. அந்த வெடிப்பில் பட்டு வெளிச்சம் சிதறுறதுதான் நமக்கு வெள்ளையாத் தெரியுது. ஒரு மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், வெயில் படாத பின்பக்கத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். நாங்க எந்த வண்டியிலும் முதலில் செய்யுறது அதுதான். எந்த நிறத்துக்குக் கொண்டு வரணும் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இது புரிஞ்சா எண்ணெய் வித்தையும் புரியும். வெளுத்த மண்சுவரில் தண்ணீர் தெளிச்சா கறுத்துத் தெரியுது, காய்ந்ததும் மறுபடி வெளுக்குது இல்லையா? தேங்காயெண்ணெயோ பழைய இன்ஜின் ஆயிலோ தடவுறதும் அப்படித்தான். வெடிப்புக்குள் எண்ணெய் இறங்கினதும் புதுசு மாதிரி பளபளக்கும். கொஞ்ச நாளில் எண்ணெய் போயிரும், ரோட்டுப் புழுதி ஒட்டிக்கும். வண்டி விக்கிறவங்களுக்கு அந்தக் கொஞ்ச நாள் போதும்.

இதை ஏன் அழுத்திச் சொல்றோம்னா, எங்க குழுவில் ஓர் உறுப்பினர் வீட்டில் பழைய வேன் வாங்கக் கடன் கேட்டாங்க. கூட்டத்தில் பேசி, ஊக்குநரும் இன்னும் ரெண்டு பேரும் வண்டியைப் பார்க்கப் போனோம். உள்ளே கண்ணாடி மாதிரி மின்னுது. ஈரத்துணியில் சோப்பைத் தொட்டு டேஷ்போர்டின் ஓரத்தை அழுத்தித் துடைச்சோம். பளபளப்பு துணிக்கு வந்துடுச்சு, கீழே சாம்பல். உடனே கால்மிதியைத் தூக்கிப் பார்த்தோம். தரைத்தகடு துருப்பிடிச்சு விரல் போற அளவு ஓட்டை. தகடு மாற்றிக் கொடுத்தால்தான் முன்பணம் என்று சொல்லிட்டு வந்தோம். தீர்மான நோட்டிலும் எழுதினோம். ஒரு மாசம் கழிச்சு, வெல்டிங் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் கடன் கொடுத்தோம். உங்க குழுவில் யாராவது பழைய வண்டிக்குக் கடன் கேட்டால் ஒரு ஈரத்துணி எடுத்துக்கிட்டுப் போங்க.

இப்போ வேலை முறை. முக்கால்வாசி வேலை கழுவுறதுதான். முதலில் புழுதியை பிரஷால் தட்டி எடுக்கணும். பிறகு வண்டி ஷாம்பு கலந்த தண்ணீரில் துணியைப் பிழிஞ்சு துடைக்கணும். பழைய பருத்திச் சேலைத் துணி போதும். வரிவரியா இருக்கிற இடத்துக்குப் பழைய பல்விளக்கும் பிரஷ். சுவிட்ச் பக்கம் தண்ணீர் வடியக் கூடாது; பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறது நல்லது. பாதி வண்டியில் வெளுப்புன்னு நினைச்சது பழைய பாலிஷும் புழுதியும் கலந்த அழுக்காகவே இருக்கும். கழுவினதோடு வேலை முடிஞ்சிரும், அதற்கு மேல் காசு வாங்க எங்களுக்கே கூச்சமா இருக்கும்!

லேசா வெளுத்த பாகத்துக்குத் தண்ணீர்ச் சேர்மானமுள்ள, மினுக்காத பாலிஷ் போதும். மெல்லிசாப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைச்சு எடுத்திடணும். துடைச்சு எடுக்கிறதுதான் முக்கியம். இதுவும் நிரந்தரம் இல்லை, சில மாசத்துக்கு ஒருமுறை போடணும். அதை வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிடுவோம்.

தோல் முழுக்கச் செத்துப் போச்சுன்னா பெயிண்ட்தான் வழி. பாகத்தைக் கழற்றி, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாத் தேய்ச்சு, கழுவி, நல்லாக் காயவிடணும். பின்பக்கத்தில் பிளாஸ்டிக்கின் வகை ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். பிபி என்று இருந்தால் பெயிண்ட் அதில் பிடிக்காது. பிளாஸ்டிக் பிரைமர் அடிச்ச பிறகுதான் நிற்கும். பிரைமர் இல்லாமல் அடிச்சது பாம்புச் சட்டை மாதிரி உரியுறதை நீங்களே எத்தனையோ வண்டியில் பார்த்திருப்பீங்க. அப்புறம் மேட் பெயிண்ட், மூணு மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவே டப்பாவில் போட்டிருக்கிற நேரம் பொறுக்கணும். ஒரே பூச்சில் முடிக்க நினைச்சா வடிஞ்சு கண்ணீர் விடும்.

பெட்ரோலும் தின்னரும் வேண்டவே வேண்டாம். சில பட்டறையில் அழுக்கு சீக்கிரம் போகுதுன்னு பெட்ரோலில் துடைப்பாங்க. மீட்டரின் மேல்மூடி அதில் புகைப்பிடிச்ச மாதிரி மங்கிப் போகும், அதை மீட்கவே முடியாது. ஸ்பிரே அடிக்கிறது எப்பவும் வெளியில், மாஸ்க்கோடு, அடுப்பு இல்லாத இடத்தில்தான். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பக்கத்தில் விடறதில்லை. கதவு மூடின திண்ணையறையில் அடிக்கலாமான்னு கேட்டவங்களுக்கும் இதே பதில்தான்.

இன்னொரு விஷயத்தில் நாங்க பிடிவாதம். ஸ்டியரிங், கியர் குமிழ், பெடல் மூணிலும் பாலிஷ் தொடமாட்டோம், வழுக்கும். டேஷ்போர்டின் மேல்பக்கத்தை மினுக்கவும் மாட்டோம். மினுக்கினால் வெயிலில் அதன் நிழல் முன்கண்ணாடியில் விழுந்து டிரைவருக்கு ரோடு மறையும். பிளாஸ்டிக்கிலிருந்து சூட்டில் கிளம்புற ஆவி வேற கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலமாப் படியும். எதிர்வண்டி வெளிச்சம் பட்டா அது கலங்கலாத் தெரியும். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் உள்கண்ணாடியைத் துடைச்சுத் தர்றோம், அதற்குத் தனிக்கூலி இல்லை. "நல்லா மின்னணும்மா, அதுக்குத்தான் காசு"ன்னு ஒருத்தர் சண்டை போட்டார். கொண்டை ஊசி வளைவில் கண் கூசினா பின்னாடி உட்கார்ந்திருக்கிறது எங்க பொண்ணுங்கதாண்ணே என்றோம். அவர் வேற இடம் போனார். போகட்டும்.

கூலிக் கணக்கு கேட்பீங்க. முழு வண்டிக்கு ரெண்டு பேருக்கு ஒரு பகல் வேலை. கழுவுறது தனி, பாலிஷ் தனி, பெயிண்ட் பாகத்துக்கு இவ்வளவு என்று சீட்டில் எழுதிக் கொடுத்திட்டுத்தான் கை வைப்போம். ஆரம்பிக்கப் பெரிய கடன் தேவைப்படலை, உள்கடனே போதுமானதா இருந்தது. வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டிய எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை வண்டிகள்தான் எங்களுக்கு அதிகம் வருது. எஃப்.சி.யில் பார்க்கிறது பிரேக்கும் லைட்டும். உள்ளே பளிச்சென்று இருந்தால் பாஸ் ஆயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கத்துக்க விருப்பம் உள்ளவங்க அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது வெளுத்துப் போன பழைய பிளாஸ்டிக் மூடி ஏதாவது ஒன்று கொண்டு வாங்க. வண்டியுடையதுதான் என்று இல்லை, மிக்சி மூடின்னாலும் சரி. வாட்டர் பேப்பரும் பிரைமரும் நாங்க எடுத்துட்டு வர்றோம், மரத்தடியில் வெச்சுச் செஞ்சு பார்ப்போம். நல்ல சேலை கட்டிக்கிட்டு வராதீங்க.