ஒரு கடிதமும் ஒரு கையொப்பமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தனிமனிதனுடைய சுதந்திரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது நமக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது. பாட்டும் நாடகமும் காண வந்திருக்கும் குழந்தைகளுக்கு முன்னே சட்டத்தையும் போலீஸையும் பற்றிப் பேசுவதா என்று எண்ணினோம். மேலும், பிழைக்க வந்த ஊரில் ‘நமக்கேன் வம்பு’ என்று ஒதுங்கியிருப்பதே லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்களாகிய நம்முடைய நெடுநாள் வழக்கம். பிறகு, அந்த வழக்கத்தைப் பற்றியே பேசிவிடுவது என்று துணிந்தோம்.

இவ்விஷயத்தில் இந்நகரத்துக்கும் தமிழருக்கும் ஓர் உறவு உண்டு. 1947 ஆகஸ்டு 15 முதல் மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராக இங்கே இருந்தவர் ராஜாஜி. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் கவர்னர் ஜெனரலாகி டில்லிக்குச் சென்றார். பெரும் பதவிகளையெல்லாம் வகித்து முடித்தபின், எண்பது வயதில், 1959-ஆம் ஆண்டு சென்னையிலே சுதந்திரக் கட்சியைத் தோற்றுவித்தார். கூட்டுறவுப் பண்ணை முறையை அவ்வாண்டு ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் ஏற்றுக்கொண்டதே அதற்கு உடனடிக் காரணம். உழவன் தன் நிலத்தில் உழவும், வணிகன் தன் கடையை நடத்தவும் ஒவ்வொரு படியிலும் சர்க்கார் வாசலில் கைகட்டி நிற்க வேண்டுமா என்பது அம்முதியவரின் கேள்வி. பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் அதற்கு இட்ட பெயர் இன்றும் வழங்குகிறது. 1967 தேர்தலில் லோக்சபையில் 44 இடங்களைப் பெற்ற அக்கட்சியோ 1974-இல் வேறொரு கட்சியில் கலந்து மறைந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. இதே ராஜாஜி 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தபோது, இந்தி எதிர்ப்பாளர்கள்மீது கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தை ஏவினார். வெள்ளையர் காங்கிரஸ்காரர்மீது ஏவிய அதே சட்டந்தான். சிறைப்பட்டிருந்த நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர் நீத்தார்கள். ராஜாஜியைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்மீது நமக்குள்ள மதிப்பு பெரிது. நாற்காலியில் அமர்ந்திருக்கையில் தெரியாத சில காட்சிகள் இறங்கி நின்றபிறகே கண்ணுக்குத் தெரிகின்றன. அவரைப் போன்ற மேதைக்கே அப்படியென்றால், நம் சுதந்திரத்தைக் காக்கும் பொறுப்பை நாற்காலியில் இருப்பவர்களிடம் முழுவதும் ஒப்படைத்துவிட்டு நாம் எப்படி உறங்குவது?

நாற்காலி ஏதுமில்லாத ஒருவர் இந்த மாநிலத்திலிருந்து செய்த காரியம் ஒன்றைக் கேளுங்கள். 1986-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், போலீஸ் லாக்கப்பில் நேர்ந்த மரணங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. நம்மில் எத்தனையோ பேர் காலைக் காப்பியோடு அவற்றைப் படித்து, பெருமூச்சு விட்டு, ஆபீசுக்குப் புறப்பட்டிருப்போம். மேற்கு வங்கத்தில் ‘லீகல் எய்ட் சர்வீசஸ்’ என்னும் கட்சிச் சார்பற்ற சங்கத்தின் செயல் தலைவராக இருந்த டி. கே. பாசு என்பவர் அவற்றைச் சுட்டிக்காட்டி, ஆகஸ்டு 26-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டுப் பிரதம நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். 1987 பிப்ரவரியில் கோர்ட்டு அக்கடிதத்தையே ரிட் மனுவாக ஏற்றது. பத்தாண்டுகளுக்கு மேல் சென்றபின், 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது.

அத்தீர்ப்பில் பதினொரு கட்டளைகள் உள்ளன. கைது செய்ய வரும் போலீஸார் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதானவர் தம் உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குச் செய்தி சொல்லச் செய்யும் உரிமை உடையவர். காவலில் இருக்கும்வரை 48 மணிக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனை நடைபெற வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க இடமுண்டு, விசாரணை முழுவதும் உடனிருக்க இயலாவிட்டாலும். இவற்றிற் பல பின்னர்ச் சட்டத்திலேயே சேர்ந்தன. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருக்கின்றன. எழுதி வைத்ததனால் மட்டும் லாக்கப் மரணம் நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் ஆதாரம் இன்று நம் கையில் உண்டு.

இதெல்லாம் கேடிகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய விஷயம், குடும்பஸ்தனுக்கு எதற்கு என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்று. 2012-ஆம் ஆண்டில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் ரசாயனப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, மாநில முதலமைச்சரைப் பற்றிய கேலிச் சித்திரம் ஒன்றை மின்னஞ்சலில் நண்பர்களுக்கு அனுப்பினார். சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ படத்தைத் தழுவிய வேடிக்கை அது. அனுப்பியது தாம் குடியிருந்த கூட்டுறவுக் குடியிருப்புச் சங்கத்தின் முகவரியிலிருந்து. அவரும், எழுபது வயதைக் கடந்த சங்கச் செயலாளரும் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் கைதானார்கள். ஆம், நம்முடையதைப் போன்ற ஒரு காலனிச் சங்கத்தின் செயலாளர்! மாநில மனித உரிமைக் கமிஷன் இருவருக்கும் தலைக்கு ரூ. 50,000 நஷ்டஈடு தரச் சிபாரிசு செய்தது. அவர்கள்மீது சாட்டப்பட்ட 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டு அடியோடு ரத்து செய்தது. ஆயினும் பேராசிரியருக்கு அலிப்பூர் கோர்ட்டில் விடுதலை கிடைத்தது 2023 ஜனவரியில்தான். அம்முதியவர் அதுவரை உயிரோடு இருக்கவில்லை. எந்தக் கட்சியையும் சாடுவது நம் நோக்கமன்று. 1950-இல் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வாரப் பத்திரிகையை மாநிலத்துக்குள் விடமாட்டோம் என்று தடுத்து, சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது நம் சென்னை சர்க்கார்தான்.

இனி, நாம் சொல்ல வந்த செய்தி. அந்தப் பதினொரு கட்டளைகளில் ஒன்று நம்மைக் குறித்தது. கைது செய்யும்போது, நேரமும் தேதியும் குறித்து ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ, அவ்வட்டாரத்து மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையொப்பம் இட வேண்டும். வட்டாரத்து மதிப்புக்குரியவர் என்றால் யார்? மூன்றாவது மாடியில் வசிக்கும் ரிட்டயர்டு அக்கவுண்டண்டு, கீழ்வீட்டுப் பள்ளி ஆசிரியை, நீங்கள், நாம். இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு வங்காளிப் பையனை அழைத்துச் செல்ல ஜீப் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் குற்றவாளியா அல்லவா என்பதை கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். அவன் எத்தனை மணிக்கு, யாரால், எந்த நிலையில் அழைத்துச் செல்லப்பட்டான் என்று எழுதிய காகிதத்தில் ஒப்பமிட ஓர் ஆள் வேண்டும். அந்நேரத்தில் நம்மவர் வீடுகளில் விளக்கு அணைந்து, சன்னல் கதவு சாத்தப்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஒருமுறை நம் கையே சாத்தியது. மறுநாள் காலை அப்பையனின் தாயார் பால் வாங்க வந்தபோது, நம்மால் அந்த அம்மாளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

செயலாளர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். அந்தப் பதினொரு கட்டளைகளையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம், ஒரே பக்கந்தான். சங்கத்து அறிவிப்புப் பலகையில் மார்கழி பஜனை நேரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தோம். அனுமதி கிடைத்தால் இன்றே ஒட்டிவிடுகிறோம்.